ஒரு வாளியில் இருபத்தொரு மீன்

1

இன்று காலை என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என்னுடைய கடல் மீன்பிடி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாம். மூன்று வருடத்துக்குச் செல்லுபடியாகுமாம். சந்தோசமாக மீன் பிடிக்கட்டாம். வாசித்துவிட்டுக் குசினிக் கதிரையில் கன நேரம் இருந்தேன். போன வருடம் இதே நாட்களில் இந்தச் செய்தி வந்திருந்தால், என் மச்சான் யோகன் இந்நேரம் முல்லைத்தீவில் தன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்திருப்பான். அப்படித்தான் நினைக்கிறேன். வேறு மாதிரி நினைக்க எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்.

ஊரில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்குகிறது. யோகனின் மனைவி ரதி நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. அம்மனுக்கு எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றி விளக்கெரிக்கக் கடல் தண்ணீர் எடுக்கப் போகிற கூட்டம், புழுதி, ஒலிபெருக்கி, யாரோ ஒருவருடைய தோளில் தூங்கிப்போன குழந்தை. இங்கே எங்கள் வீட்டிலும் நாளை தொடக்கம் மச்சம் இல்லை, மீனும் இறைச்சியும் சமைக்க மாட்டோம். சட்டி பானையை என் மனைவி சுகந்தி இப்போதே வேறாக்கிவிட்டா. போன வருடம் மச்சத்தை நிறுத்துவதற்கு முதல் கடைசியாக ஒரு மீன்கறி வைப்போம் என்று சொல்லித்தான் கடலுக்குப் போனோம். அந்தக் கறி அடுப்பேறவே இல்லை.

இதை எழுதினால் ஊரில் வாசிப்பார்கள் என்று தெரியும். ரதியும் வாசிப்பா. வாசிக்கட்டும்.

2

பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க என்ன சட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று முரசுமோட்டையிலிருந்து என் தமையன் ஒரு நாள் போனில் கேட்டார். கிடக்கு அண்ணை, புத்தகமாய்க் கிடக்கு என்றேன்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில் ஒரு கரையோர நகரம். இங்கே கடல் எல்லோருக்கும் பொது. ஆனால் தூண்டிலைத் தண்ணீரில் போடுவதற்கு முதல் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பிடித்த மீனை விற்கக் கூடாது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு ஆகக் குறைந்த நீளம் உண்டு. அதற்கென்று ஒரு அளவுகோல் தருவார்கள். மீனை அதில் கிடத்தி, வாய் நுனியிலிருந்து அளந்து, கோட்டுக்கு எட்டாவிட்டால் காயப்படாமல் திரும்பக் கடலில் விட வேண்டும். சினை நண்டைத் தொடக் கூடாது. எந்தச் சாதி மீனில் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை வைத்திருக்கலாம் என்று ஒரு பட்டியல். எங்கள் பக்கத்துப் பாறைகளில் படுகிற பாரை இனத்துக்கு ஆளுக்குப் பத்து.

ஈட்டியால் குத்திப் பிடிப்பதற்கு வேறு அத்தியாயம். இன்ன இடத்தில் குத்தலாம், குளிக்கிறவர்களுக்குக் கிட்டக் குத்தக் கூடாது, தண்ணீருக்கு வெளியே ஈட்டி எய்கிற துவக்கை ஏற்றி வைத்திருக்கக் கூடாது. சில மீன்களை ஈட்டியால் குத்தவே கூடாது. அதில் ஒன்று பெரிய நீல மீன். முழுகிப் போனால் நாய்க்குட்டி மாதிரிப் பின்னால் வருமாம். மனிசரைக் கண்டு பயப்படாத மீன் என்றபடியால் அதைக் குத்தக் கூடாது என்று சட்டம். என் மகள் மதுஷா இதை எனக்கும் யோகனுக்கும் வாசித்துச் சொன்ன அன்று யோகன் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டான்.

"உண்மையாவோ பிள்ளை? நம்பி வாறதைக் குத்தக் கூடாதெண்டு எழுதியோ வைச்சிருக்கிறாங்கள்?"

"ஓம் மாமா. பெரிய ஃபைன்."

"நல்ல நாடு" என்றான் யோகன். பகிடியாகச் சொல்லவில்லை. நாங்கள் நம்பிப் போன இடங்களில் எங்களுக்கு அப்படி ஒரு வரியை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவனுக்கு அது எனக்கு முன்னமே தெரியும்.

மதுஷாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு வயதில் இங்கே வந்தவள். பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு சேர்ந்து கறுப்பு ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு ஈட்டியோடு கடலில் முழுகுவாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆனால் யோகனோடு மட்டும் தட்டித் தடவித் தமிழ் கதைப்பாள். அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு செய்தபோது தாய்மாமனாக நின்று தேங்காய் உடைத்தவன் அவன். சட்டப் புத்தகத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டுவது அவளுடைய வேலை. அதைத் தமிழில் எழுதி, எங்கள் ஊர்ப் பெடியள் எல்லோருக்கும் அனுப்பிப் பெரிய மனிசனாகத் திரிவது என்னுடைய வேலை. "லைசன் இல்லாமல் தண்ணிக்குக் கிட்டவும் போகாதேங்கோ" என்பதுதான் நான் எழுதியதில் முதல் வரி.

3

நான் வயல்காரன். கடலை நன்றாகப் பார்த்ததே இடம்பெயர்ந்த பிறகுதான். சுகந்தியும் தம்பி யோகனும் முல்லைத்தீவுக் கரை. சாதாரண காலமென்றால் எங்கள் அம்மா அந்த வீட்டில் தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்க மாட்டா. பக்கத்துப் பக்கத்துத் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில் எங்கள் கலியாணம் நடந்தது. அம்மா அதற்குப் பிறகும் யோகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அந்தக் கடற்கரைப் பெடியன்" என்றுதான் சொல்லுவா. நான் அப்போது சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குப் பழைய பழக்கம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் படகில் வந்தேன். சில வருடங்கள் கழித்து யோகனும் படகில் வந்தான். இரண்டு படகுக்கும் நடுவில் இந்த நாட்டு அரசாங்கம் ஒரு திகதியைப் போட்டது. திகதிக்கு முந்தி வந்த எனக்கு நிரந்தர விசா கிடைத்தது, குடியுரிமை கிடைத்தது, சுகந்தியையும் மதுஷாவையும் கூப்பிட முடிந்தது. பிந்தி வந்த யோகனுக்குத் தற்காலிகம். அது முடிய இன்னொரு தற்காலிகம். ஊருக்குப் போய் வர முடியாது, ரதியைக் கூப்பிட முடியாது. அவன் படகேறும்போது ரதிக்கு ஐந்து மாதம். பிள்ளைக்கு ஆரணி என்று பெயர் வைத்ததும் போனில்தான். அளவு காணாத மீனைத் திரும்பக் கடலில் விடுகிற நாடு, அளவு காணாத மனிசனை மட்டும் வாளிக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று எனக்குப் பலமுறை கோபம் வந்திருக்கிறது.

கடைசியில் போன வருடம் ஒரு வழி திறந்தது. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்தது. சட்டத்தரணி விண்ணப்பப் பாரங்களை நிரப்பினார். எல்லாம் சரி, பொலிஸ் அறிக்கை சுத்தம், சில மாதத்தில் கையில் கிடைக்கும் என்றார். யோகன் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து முற்றத்துப் புல்லை வெட்டித் தந்துவிட்டுப் போனான். சந்தோசம் வந்தால் அவனுக்கு ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

4

முல்லைத்தீவுக் கரையில் ஒரு வழக்கம். சின்னப் போட்டில் சொந்தக்காரர் மூன்று நாலு பேர் சேர்ந்து தொழிலுக்குப் போய் வந்தால், விற்கிறதுக்குப் போனது போக, வீட்டுக்கென்று கறிமீன் எடுப்பார்கள். அதை மணலில் ஒரே குவியலாகக் கொட்டிப் பிறகு ஆளுக்குச் சமனாகப் பிரிப்பார்கள். யாருடைய தூண்டிலில் பட்டது, யார் கூடுதலாகப் பிடித்தது, யார் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தது என்ற கதை அங்கே இல்லை. பிரிக்கிறவரைக்கும் மீனுக்குச் சொந்தக்காரன் கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. இது பழைய வழக்கமல்ல, எங்கள் காலத்து வழக்கம். கடலுக்குப் போக பாஸ் எடுக்க வேண்டிய நாட்களில், சீருடைக்காரர் மறித்தால் போட்டில் ஒருவன்தான் வாய் திறப்பான். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் நாலு பேரும் உள்ளே. ஒருவன் "எல்லாம் என்ர" என்று சொன்னால் மற்ற மூன்று பேரும் வீட்டுக்குப் போய், உள்ளே போனவனை எடுக்க ஓடித் திரியலாம். யோகனுடைய போட்டில் பெரும்பாலும் அந்த ஒருவன் யோகன்தான். அதைப் பற்றி அவன் பெருமையாகக் கதைத்ததில்லை. பல் விளக்குகிற மாதிரி ஒரு பழக்கம் அவனுக்கு.

இங்கே அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: ஒவ்வொருவரும் தாம் பிடித்ததைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். நான் அதையும் தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். முதல் தரம் யோகன், மதுஷா, நான் என்று மூன்று பேரும் போனபோது மூன்று பை கொண்டு போனேன். யோகன் சிரித்தான்.

"மீனுக்குப் பேர் எழுதி வைக்கிறதோ அத்தான்? ஒரு வாளி போதும். ஆருக்கு எத்தினையெண்டு என்ர மண்டையிலை கிடக்கு."

நான் மேற்கொண்டு சொல்லவில்லை. காரணம் வெட்கக்கேடானது. மூன்று பேரில் ஆகக் குறைவாகப் பிடிப்பவன் நான். என் பையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தால் சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பா. ஒரு வாளி என்றால் எனக்கும் சமபங்கு.

5

அந்தச் சனிக்கிழமை நல்ல குளிர். வெயில் இருந்தும் காற்று ஊசி மாதிரிக் குத்தியது. காரை எடுக்க முதல் நான் போனை எடுத்துப் பார்த்து, என் அனுமதிப்பத்திரம் முடிந்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டதைக் கண்டேன். "ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், என்ர லைசன் செத்துப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தேன்.

"இப்பவே போனிலை கட்டலாம் அப்பா" என்றாள் மதுஷா, ஆங்கிலத்தில்.

"பின்னேரம் கட்டுவம். இண்டைக்கு ஆர் வரப்போகினம்?"

யோகன் பக்கத்துச் சீற்றிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். அவன் எப்போதும் தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தான் பூட்டியிருப்பான்.

பாறையில் பாரை நன்றாகப் பட்டது. மதுஷா எட்டுப் பிடித்தாள். யோகன் ஒவ்வொன்றாக அளந்தான். இரண்டைத் திரும்ப விட்டான். பத்தாவது மீனை வாளியில் போட்டதும் "என்ர பத்து முடிஞ்சுது" என்று சொல்லித் தன் தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டான். இன்னும் பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஊரில் ஒரு தொழில்காரன் அப்படி எழும்பினால் அவனுக்குப் பைத்தியம் என்பார்கள். அவன் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தி என் தூண்டிலுக்கு இரை குத்தித் தரத் தொடங்கினான். நான் மூன்று பிடித்திருந்தேன். மதுஷா தன் ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஈட்டி இல்லாமல், சும்மா பார்க்கவென்று பாறைக்கு அப்பால் தண்ணீரில் இறங்கியிருந்தாள்.

மீன்வள உத்தியோகத்தர் மேலே வாகனத் தரிப்பிடத்திலிருந்து இறங்கி வந்தா. இளம் பெண். தொப்பி, சீருடை, இடுப்புப் பட்டியில் என்னென்னவோ தொங்கியது. முகத்தில் நல்ல சிரிப்பு. அவவைக் கண்ட நேரத்தில் என் கையிலிருந்த தூண்டில் யோகனின் கைக்கு மாறியது.

"காலை வணக்கம். இன்றைக்கு எப்படிப் படுகிறது?" என்று கேட்டா. வாளிக்குள் பார்த்தா. எண்ணினா. "இருபத்தொன்று. இவை யாருடையவை?"

இதற்கு உண்மையான பதில் இருந்தது. மூன்று பேருடையவை: மச்சானுக்குப் பத்து, தண்ணீரில் இருக்கிற பிள்ளைக்கு எட்டு, எனக்கு மூன்று. எல்லாம் கணக்குக்குள். வாளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை கிடைத்திருக்கும், லைசனுக்காக என்னிடம் ஒரு சின்ன அபராதம் வாங்கியிருப்பா, நாங்கள் மீனோடு வீட்டுக்கு வந்திருப்போம். எங்களுடைய சீவியத்தில் சீருடைக்கு முன்னால் உண்மையே காப்பாற்றக்கூடிய ஒரே ஒரு தருணம் அதுதான். அதை அடையாளம் கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

யோகன் எழும்பி நின்றான். கையில் என் தூண்டில்.

"ஓல் மைன், மேடம்" என்றான், எல்லாம் தன்னுடையதென்று. "ஹி நொட் ஃபிஷிங். ஒன்லி லுக்கிங்."

அவ என்னைப் பார்த்தா. "அப்படியா ஐயா?"

எனக்கு ஆங்கிலம் தெரியும். இந்த ஊரில் ஒரு களஞ்சியத்தில் பத்துப் பேருக்கு மேற்பார்வையாளனாக இருக்கிறேன். புத்தகத்தைத் தமிழில் எழுதியவன். பயத்தில் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அந்தச் சின்ன அபராதமும், சட்டம் படிப்பித்தவனுக்கே லைசன் இல்லையாம் என்று பெடியள் பகிடி பண்ணப் போவதும்தான் அப்போது என் தலைக்குள் ஓடியது. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு தலையாட்டு.

மீன் முழுவதையும் எடுத்துக்கொண்டு, யோகனின் பெயர், விலாசம், விசா அட்டை எல்லாம் எழுதிக்கொண்டு போய்விட்டா. கடைசிவரைக்கும் மரியாதையாகத்தான் கதைத்தா. மதுஷா பாறைக்கு அப்பாலிருந்து முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

6

வீட்டுக்கு வந்ததும் சுகந்தி வெறும் வாளியைப் பார்த்தா.

"ஏனப்பா, ஒண்டும் படேல்லையோ?"

நான் நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தோதான விதத்தில் சொன்னேன். உத்தியோகத்தர் வந்தவுடன் உன் தம்பி பாய்ந்து என் தூண்டிலையும் பறித்துக்கொண்டு எல்லாம் தன்னுடையது என்று சொல்லிவிட்டான், ஊர்ப் பழக்கம் போகவில்லை, நான் வாய் திறக்க முதல் எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். யோகன் குசினி வாசலில் நின்றான். "ஓம் அக்கா, நான்தான் அவசரப்பட்டிட்டன்" என்றான்.

மதுஷா ஈரத் தலையோடு எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் பெரிதில்லை, ஆனால் அன்றிலிருந்து அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

அபராதம் மட்டும்தான் வரும் என்று நினைத்தோம். இரண்டு மாதம் கழித்து நீதிமன்றக் கடிதம் வந்தது. அளவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் என்றால் விசயம் வேறாம். சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சின்ன வழக்குத்தான், பயப்பட வேண்டாம், ஆனால் வழக்கு முடியும்வரைக்கும் விசாக் கோப்பு அசையாது என்றார். முடிந்த பிறகும் எப்படிப் பார்ப்பார்கள் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். யோகன் அவரிடமும் அதையே சொல்லியிருந்தான்: எல்லாம் என்ர.

வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நான் சொன்னேன், "நான் போய் உண்மையைச் சொல்லுறன் மச்சான்."

"வேண்டாம் அத்தான். கணக்குக்கு மேலை மீன் பிடிச்சவனை ஒருவேளை விடுவினம். உத்தியோகத்தருக்குப் பொய் சொன்னவனை விடுவினமோ? இப்ப நீங்கள் போய்ச் சொன்னால் நான் பொய்யனெண்டு ஆகும். அது விசாவிலை இதைவிடப் பெரிய கறுப்பு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அந்த நியாயம் வசதியாகவும் இருந்தது. நான் ஒருமுறைக்கு மேல் கேட்கவில்லை. காரைத் திரும்ப எடுத்தேன்.

வழக்கு இரண்டு தரம் தள்ளிப்போனது. யோகன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான். அவனுடைய அளவுகோல் எங்கள் கார் கராச்சில் கிடக்கிறது. ரதி போனில் ஊர்க் கடலைப் பற்றிச் சொல்லுவா: வெளியிலிருந்து வருகிற ரோலர் இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன, வெளிச்சம் பாய்ச்சிக் குஞ்சு குருமன் எல்லாம் அள்ளுகிறார்கள், கேட்க ஆளில்லை. "கேள்வி கேட்க ஆள் வர வேண்டிய இடத்திலை ஒருத்தரும் வரேல்லை, பார்த்தியளோ" என்று யோகன் என்னிடம் சொன்னான். அவனுக்கு இந்த நாட்டுச் சட்டத்தின் மேல் இன்னும் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. அந்தப் பாறையில் நின்ற மூன்று பேரில் சட்டத்தை மனசார மதித்தவன் அவன் ஒருவன்தான்.

7

மாசி மாதத்தில் ஆரணி பெரிசானாள். சாமத்தியவீடு புதுக்குடியிருப்பில் ஒரு மண்டபத்தில் நடந்தது. விசா வந்திருந்தால் யோகன் அங்கே நின்றிருப்பான். தைக்குள் கிடைத்துவிடும் என்று சட்டத்தரணி முதலில் சொன்ன கணக்கு அதுதான். நாங்கள் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் போனை இணைத்துப் பார்த்தோம். பிள்ளை நல்ல வடிவு. சேலை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தார்கள். பெற்றோரைக் கூப்பிட்டபோது ரதி தனியாக மேடைக்கு வந்தா. பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. யாரோ அதில் போனைச் சாத்தி வைத்தார்கள். அந்தப் போனுக்குள் நாங்கள் இருந்தோம். பிள்ளை குனிந்து கதிரையைக் கும்பிட்டது.

யோகன் கையை உயர்த்தி ஆசீர்வதித்தான். பிறகு எழும்பிப் போய் எங்கள் முற்றத்துப் புல்லை வெட்டத் தொடங்கினான். அது ஏற்கெனவே வெட்டின புல்.

சுகந்தி அழுதா. மதுஷா அழவில்லை. என்னை நேரே பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "இன்னும் எத்தனை நாள் அப்பா?" நான் எதைப் பற்றிக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

8

இன்று காலை குறுஞ்செய்தியை வாசித்துக்கொண்டு குசினியில் இருந்தேன் என்றேனே. அப்போது மதுஷா வந்து மேசையில் ஒரு கடதாசியை வைத்தாள். அவளுக்கு இப்போது பதினெட்டு. யாருடைய கையெழுத்தும் அவளுக்குத் தேவையில்லை. பஸ் பிடித்துத் தனியாகப் போய்ச் சட்டத்தரணியைச் சந்தித்திருக்கிறாள். நடந்ததை முழுவதும் சொல்லியிருக்கிறாள். மூன்று பேரும் உண்மையை எழுதிக் கையெழுத்து வைத்தால் வழக்கு தள்ளுபடியாகவும் கூடும், பொய் சொன்னதற்கு ஒரு கேள்வி வரவும் கூடும், ஆனால் செய்யாத பிழையை ஏற்றுக்கொள்வதைவிட அது நல்லது என்று அவர் சொன்னாராம். வழக்கு அடுத்த திங்கள். வற்றாப்பளைப் பொங்கலன்று.

சத்தியக் கடதாசி. சின்னச் சின்ன ஆங்கில வரிகள். அன்று நான் எட்டு மீன் பிடித்தேன். என் தகப்பனார் மூன்று பிடித்தார். என் மாமா பத்துப் பிடித்தார், பத்தானதும் நிறுத்திவிட்டார். அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து. அதற்கும் கீழே என் பெயர், பெயருக்கு மேலே மூன்று வெறும் கோடுகள்.

"மிச்சத்தை நான் எழுதேல்லை" என்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என்னோடு தமிழில். "அது நீங்கள் எழுதவேணும் அப்பா."

யோகனைக் கூப்பிட்டோம். வேலை உடுப்போடு வந்தான். சுகந்தி தேத்தண்ணி வைத்தா. அவவுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. அவன் கடதாசியை மேசையில் விரித்து, விரலை வரிக்கு வரி வைத்து வாசித்தான். மதுஷா அவன் தோளுக்கு மேலால் குனிந்து சொல்லிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

"எட்டு, மூண்டு, பத்து" என்றான். கொஞ்சம் சிரித்தான். "எங்கட கரையிலையெண்டால் ஆளுக்கு ஏழெல்லோ அத்தான்."

ஓம். ஆளுக்கு ஏழு. அன்றைக்கு வாளி எங்களோடு வீட்டுக்கு வந்திருந்தால் அவன் அப்படித்தான் பிரித்திருப்பான். அவனுடைய பத்திலிருந்து மூன்று என் பக்கம் வந்திருக்கும், நானும் வெட்கமில்லாமல் வாங்கியிருப்பேன். பழியை மட்டும் ஒருவரும் பிரிக்கவில்லை. அதை அவன் ஒருவனே ஒரு வருடம் தூக்கித் திரிந்தான்.

பேனையை எடுத்தேன். சுகந்தி எனக்குப் பின்னால் வந்து நின்றா. அவவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். மூன்று கோடு போதுமா என்று யோசித்தேன். மூன்றே போதுமாக இருந்தது. அன்றைக்குச் சுகந்திக்கு நான் சொன்னதும், ஊரில் உங்களில் சிலருக்குப் போனில் நான் சொன்னதும், அவன் என் தூண்டிலைப் பறித்தான் என்று. தண்ணீருக்குள் இருந்து என் பிள்ளை பார்த்தது வேறு. நான் எழுதியது இதுதான்:

தூண்டில் என்னுடையது. அவர் அதைக் கேட்கவில்லை. சீருடையைக் கண்டதும் நான்தான் அவர் கையில் திணித்தேன்.